கதிருக்கு எதுகை

கதிர்,

உன்னை இந்தப் பெயரால் அழைத்து நான் எழுதும் கடைசிக் கடிதம் இதுவாக இருக்கலாம். ஆகையால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். நீ அனுப்பிய படிவம் போன செவ்வாய்க்கிழமை என் கைப்பேசிக்கு வந்தது. அதன் பின்னாலேயே உன் குரலும் வந்தது. நான்கு நிமிடச் செய்தியில் "அம்மா, கோவப்படாதீங்க" என்று மூன்று முறை சொல்லியிருந்தாய். எனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. இந்த வயதில் கோபப்படுவதற்கும் முழங்கால் ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது, என்னுடையது ஒத்துழைப்பதில்லை. அந்த நாட்டில் உனக்குக் குடியுரிமை கிடைக்கப்போகிறது. கிடைக்கும்போதே உன் பெயரை ரோய் என்று மாற்றிப் பதிந்துகொள்ளப் போகிறாய். கதிர் என்று பிறந்தவனும் ரோய் என்று அறியப்படுகிறவனும் ஒரே ஆள்தான் என்று, உன்னைப் பிறப்பிலிருந்து அறிந்த ஒருவர் உறுதிகூற வேண்டும். உன் அப்பா போய் ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. மிஞ்சியிருப்பவள் நான். மாத முடிவுக்குள் வேண்டும் என்கிறாய். உறுதி கூறுவேனா மாட்டேனா என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய் என்பதும் தெரியும். கதைப்புத்தகங்களையும் அப்படித்தான் படித்தாய்.

உன் காரணங்களை நான் கவனமாகக் கேட்டேன். தாளில் உள்ள பெயரைப் படிப்பவர்கள் உன்னைக் 'கேத்தர்' என்கிறார்கள். ஒருமுறை வைத்தியசாலையில் 'கேத்தி' என்று அழைத்தார்கள். நீ எழுந்து நின்றதும் தாதி உன் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்ணைத் தேடினாளாம். நீ முதலில் வேலை பார்த்த இடத்தில் யாரோ ஒருவர், தனக்கு வாயில் நுழையவில்லை என்று உன்னை ரோய் ஆக்கினார். பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே பழகுகிறவர்களுக்கு அதுதான் உன் பெயர். "தெனமும் எம் பேருக்கு நானே மன்னிப்புக் கேட்டுட்டு இருக்க முடியாதும்மா" என்றாய். நல்ல வாக்கியம். நான் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. உன் புதிய பெயருக்கு, பழக்கதோஷத்தால், ஓசை ஒத்த சொற்களைத் தேடிப் பார்த்தேன். நோய், போய், தோய். மூன்றில் தோய் ஒன்றுதான் தேறியது. சமையலறையில் இரண்டு நாள் அதை உரக்கச் சொல்லியும் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பூனை திரும்பிப் பார்த்தது; எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

உன் பெயர் எப்படி வந்தது என்று நீ ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பாய். நீ கதிர்காமத்து முருகனுக்கு வைத்த நேர்த்தியில் பிறந்தவன் என்று உன் அப்பா வழி உறவு முழுவதும் இன்றைக்கும் நம்புகிறது. ஊவா மாகாணத்தில் ஒரு பிள்ளைக்குக் கதிர் என்று பெயர் வைத்துவிட்டு, அதற்கும் கதிர்காமத்துக்கும் தொடர்பில்லை என்று சொன்னால் யார் ஏற்பார்கள்? நானும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் திருத்தாமல் விட்ட ஒரே பிழை அதுவாகத்தான் இருக்கும். உண்மை அவ்வளவு பக்தியானதன்று. பதுளைக் கடைவீதியில் புடைவைக்கடை வைத்திருந்தவரின் மகள் நான். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துவிட்டு வந்து, அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்த உன் அப்பாவை, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் என்று என் வீட்டார் முகம் சுளிக்கச் சுளிக்க மணந்தவள். எனக்குச் சொற்களைத் தவிர வேறு நகைப்பித்து இருக்கவில்லை. நீ வயிற்றில் இருந்த மாதங்களில் ஒரு கோடு போட்ட கொப்பியில் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்கு எதுகையாக வரும் சொற்களை எழுதிப் பார்த்தேன். பல பெயர்களுக்கு இரண்டு, மூன்றோடு நின்றுவிட்டது. கதிருக்கு மட்டும் வந்துகொண்டே இருந்தது: எதிர், முதிர், அதிர், உதிர், புதிர், சதிர், பிதிர். பொருளும் ஒன்றாக இல்லை. சூரியனிடமிருந்து வருவதும் கதிர், நெல் தலையில் சுமப்பதும் கதிர், நூல் நூற்கும் கருவியின் முனையும் கதிர். ஒரு பெயரில் இத்தனை கிடைக்கிறதே என்று மகிழ்ந்தேன். அதைச் சுமக்கப்போகிறவனைப் பற்றி ஒரு கணமும் நினைத்ததாக ஞாபகம் இல்லை.

நீ பிறந்த மூன்றாம் நாள், மடுல்சீமையிலிருந்து இரண்டு பஸ் மாறி உன் தாத்தா வைத்தியசாலைக்கு வந்தார். என்னை அவர் மருமகளே என்று அழைத்ததில்லை. நான் அவருக்கு எப்போதும் டீச்சரம்மாதான். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

"என்ன பேரு டீச்சரம்மா?" என்று கேட்டார்.

"கதிர், மாமா."

"தேயிலையில ஏதும்மா கதிரு? கொழுந்துல்ல இருக்கு. கொழுந்துன்னு வைங்க. நெறுத்துப் போடவாச்சும் ஆகும்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நெற்கதிர், ஒளிக்கதிர் என்று அவருக்குப் பொருள் விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்புடிங்களா. பெரிய பேருதான். தூக்கிருவானா?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. நீ இப்போதுதான் சொல்லியிருக்கிறாய்.

நீ தூக்கத்தான் செய்தாய், ஏழு வயது வரைக்கும் சிரமமில்லாமல். அந்த வயதில் உனக்கு மேல்வரிசையில் நான்கு பற்கள் ஒன்றாக விழுந்தன. வகுப்பில் எவனோ ஒரு சிறுகவிஞன் அதைக் கவனித்துவிட்டான். நீ புத்தகப்பையை வாசலிலேயே போட்டுவிட்டு, மூக்கு ஒழுக ஒழுக வந்து நின்றாய்.

"பாட்டுப் பாடுறானுங்கம்மா."

"என்ன பாட்டு?"

விம்மலுக்கு நடுவில் ஒப்பித்தாய்: "கதிரு கதிரு, கணக்கெல்லாம் புதிரு, பல்லெல்லாம் உதிரு."

அப்போது உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? உனக்குத் தெரியும், எனக்கு நினைவிருக்கிறது என்பதுதான் உனக்குத் தெரியாது. நான் பரீட்சைத் தாள்களிலிருந்து தலையை நிமிர்த்தி, "எதுகை நன்றாகத்தான் அமைந்திருக்கிறது. ஆனால் கடைசியில் 'உதிரு' என்பது ஏவல். 'உதிரும்' என்றோ 'உதிர்ந்தது' என்றோ வரவேண்டும். யார் எழுதியது?" என்று கேட்டேன். நீ விம்முவதை நிறுத்திவிட்டாய். ஆறுதல் கிடைத்ததால் அல்ல. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். அதன் பின்னும் ஒருநாள் நான் உன்னை உட்காரவைத்து, அவர்களுக்குத் திருப்பிப் பாட இன்னும் நல்ல எதுகைகளை எழுதிக் கொடுத்தேன். நீ அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாய். துவைக்கும்போது கூழாக வந்தது. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தால், முதலில் மூக்கைத் துடைத்துவிடு. இலக்கணம் எங்கேயும் ஓடிப்போகாது. இந்தக் கடிதத்தில் அறிவுரை என்று நான் சொல்வது இது ஒன்றுதான். அதையும் செய்து காட்டியவள் என்ற தகுதியில் சொல்லவில்லை.

இன்னொரு பெயரைப் பற்றியும் நான் சொல்லியாக வேண்டும். உன்னிடம் மட்டுமல்ல, உன் அப்பாவிடமும் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். நீ பிறப்பதற்கு ஆறு வருடங்களுக்கு முன், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண்பிள்ளை என் வகுப்பில் வந்து சேர்ந்தாள். பதினைந்து வயது. பெயர் பிச்சையம்மா. முதல்நாள் இடாப்பைப் பார்த்து வருகைக்குப் பெயர் கூப்பிட்டபோது வகுப்பே சிரித்தது. நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளே புதிய இடாப்பில் அவள் பெயரை 'நிறைமதி' என்று எழுதினேன். அவளைக் கேட்கவில்லை. "இன்றிலிருந்து நீ நிறைமதி" என்று அறிவித்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு வாரம் கழித்து அவளுடைய தாய், கொழுந்துக்குப் போகும் நாளை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கூடை கட்டும் கயிறு நெற்றியில் அழுத்திய தடம் அப்படியே இருந்தது.

"டீச்சர், பேர மாத்திட்டீங்களாமே?"

"நல்ல பெயராக வைத்திருக்கிறேன் அம்மா. அதற்கு முழுநிலா என்று பொருள்."

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இவளுக்கு முன்னாடி மூணு போயிருச்சுங்க. இவ பொறந்ததும் தவிட்டுக்கு வித்துத் திருப்பி வாங்குனோம். பிச்சை வாங்குன புள்ளைன்னுதான் அந்தப் பேரு. பேரு அசிங்கமா இருக்கங்காட்டித்தான் இவ உசுரோட நிக்கிறா டீச்சர்."

நான் அவளுக்கு மூடநம்பிக்கை பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்தினேன். அந்த விரிவுரையின் தமிழ் மிக நன்றாக இருந்திருக்கும். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும் பொறுப்பும் என்னுடையது. இடாப்பைப் பார்த்துத்தான் நிரப்பினேன். பிள்ளை ஆறு பாடங்களில் திறமையாகச் சித்தியடைந்தாள். ஆனால் சித்தியடைந்தது நிறைமதி என்ற ஒருத்தி. பிறப்புச் சான்றிதழில் இருந்ததோ பிச்சையம்மா. நிறைமதி என்று இந்த நாட்டில் யாரும் பிறந்திருக்கவில்லை. தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது இரண்டு தாள்களும் ஒன்றையொன்று பொய் என்றன. அந்த மக்களிடம் தாம் யார் என்று காட்ட ஒரு தாள் இருப்பதே அரிதாக இருந்த காலம் அது. இருந்த ஒன்றையும் நான் என் அழகான கையெழுத்தால் கெடுத்துவைத்தேன். திருத்தி முடிக்க மூன்று வருடங்கள் ஆயின. அதற்குள் அவளுக்கு வயது கடந்துவிட்டது. உன் அப்பாவிடம் நான் 'எழுத்துப்பிழை' என்று சொன்னேன். ஆயுள் முழுவதும் எழுத்துப்பிழை பார்த்த மனிதர் அவர். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்து நான் கற்றது என்ன என்றால், ஒன்றுமில்லை. அடுத்த வருடம் நீ வயிற்றில் வந்தாய். நான் மீண்டும் ஒரு பெயர் தேடிக் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இனி, உன்னிடமிருந்து நான் மறைத்துவைத்த ஒன்று. ஏழு வயதில் அல்ல, பதின்மூன்று வயதில் நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது. பதின்மூன்று வயதில் நீ பந்து விளையாடப் போன மைதானத்தில் சிங்களப் பிள்ளைகள் உன்னைக் 'கதிரய' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல் பெருக்கல் குறியைப் போன்ற அந்த அடையாளத்தைக் குறிக்கும். விடைத்தாளில் பிழையான விடைக்கு வாத்தியார் போடுவது. நீ துடுப்பெடுத்து வரும்போதெல்லாம் இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக்காட்டுவார்களாம். இதை நீ என்னிடம் சொல்லவில்லை. உன் அப்பாவிடம் சொன்னாய். அவர் என்னிடம் சொன்னார். "நீ ஏதாவது பேசேன், ஒன் பேருதானே அது" என்றார். நான் அறைக்கு வந்து, கதிர் என்பது தூய தமிழ்ச்சொல், அதற்கும் அந்தச் சொல்லுக்கும் எந்த உறவும் இல்லை என்று உனக்கு விளக்கினேன். நீ "சரிம்மா" என்றாய். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் ஆறுதல் அடைந்திருப்பேன். கதிருக்கு எதிர் நல்ல எதுகை என்று கொப்பியில் எழுதியவளுக்கு, ஒருநாளும் எதிர்த்துப் பேசாத பிள்ளை வாய்த்தான்.

அன்றைக்கு உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று என் கையிலேயே இருந்தது. அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்னால், உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, உன் தாத்தா தம் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களித்தார். அதற்கு முன் அவருக்கு வாக்கு இருக்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த மலையிலேயே இருந்து, இந்த மலையிலேயே மனைவியையும் புதைத்த மனிதர், எந்த நாட்டவரும் அல்லாதவராக இருந்தார். பிறகு குடியுரிமைக் கடதாசி கிடைத்தது. அதன்பின் பட்டியலில் பெயரும் வந்தது. வாக்குப் போட்டுவிட்டு அன்று பின்னேரமே பஸ் ஏறி பதுளைக்கு வந்துவிட்டார். நீ விளையாடப் போயிருந்தாய். சுண்டுவிரலில் பூசிய மையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, ஒரு கிழட்டுக் கள்ளனைப் போலச் சிரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, நான் யாருக்குப் போட்டேன்னு கேளுங்க."

"அதைச் சொல்லக்கூடாது மாமா."

"எம் பேரனுக்குத்தான் போட்டேன்."

"என்ன மாமா சொல்கிறீர்கள்?"

"அட, உள்ள இருந்த ஆபீசர் மாத்தயா சொன்னாரும்மா, 'மெத்தன கதிரய கஹன்ன'ன்னு, இங்க கதிரய கீறுன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. 'கதிரா சாமி?'ன்னேன். ஆமாங்கிறாரு, 'கதிரய, கதிரய'ங்கிறாரு. எம் பேரன் பேரு இவருக்கு எப்புடித் தெரிஞ்சதுன்னு பாத்தேன். அப்புறம் ரெண்டு கோடு கிழிச்சுக் காட்டுனாரு. இம்புட்டுத்தானா கதிரு? எனக்குப் போடத் தெரியாதான்னு, நல்லா அழுத்திப் போட்டுட்டு வந்தேன்."

கதிர், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பள நாளில் பெருவிரலை மையில் ஒற்றி ஒற்றியே பழகிய கை அது. அந்தக் கை தானாகப் பேனை பிடித்து எழுதிய முதல் எழுத்து உன் பெயர். அவர் அப்படித்தான் நம்பினார். நம்பிவிட்டு, பேனை பிடித்த அந்த விரல்களை எனக்கு நீட்டிக் காட்டினார். பல்கலைக்கழகத்தில் சிறப்புப் பாடம் படித்த உன் அம்மா அதைப் பார்த்துச் சொன்னாள்: "அது கதிர் இல்லை மாமா. சிங்களச் சொல். தமிழில் அதற்குப் புள்ளடி என்று பெயர். புள் என்றால் பறவை, அதன் காலடி."

"அப்புடிங்களா" என்றார். கையை மடக்கிக்கொண்டார். முகம் கழுவ வேண்டும் என்று பின்பக்கம் போனார். நீ வந்ததும் உன் தலையைத் தடவினார். உன்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான்தான் அது பிழை என்று சொல்லிவிட்டேனே! இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார். பதின்மூன்று வயதில் நீ மைதானத்திலிருந்து தலை குனிந்து வந்தபோது இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் அந்தப் பயல்கள் கேலியை நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் நெஞ்சுக்குக் குறுக்கே கையை வைக்கும்போது நீ ஒருவேளை உள்ளுக்குள் சிரித்திருப்பாய். உன் பெயருக்கு ஒரு பெருமை இருந்தது. அது என் கொப்பியிலிருந்து வரவில்லை. ஆகவே அதை உனக்குத் தராமல் வைத்துக்கொண்டேன். இதைவிட நேராக எனக்கு எழுதத் தெரியவில்லை.

உன் படிவத்தை அகராதிக்குக் கீழே ஆறு நாட்கள் வைத்திருந்தேன் என்று சொன்னால் நீ என்னை மன்னிப்பாய் என்று எண்ணுகிறேன். படிவம் என் கைப்பேசிக்குள்தான் இருந்தது. அகராதிக்குக் கீழே வைத்தது கைப்பேசியை. அதனால்தான் நீ விடுத்த அழைப்புகள் எதற்கும் பதில் இல்லை. நேற்றுக் காலையில் அதை எடுத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கினேன். அரசாங்கக் காரியங்களுக்கு வருகிறவர்களுக்காகப் படிவம் அச்செடுத்து, நிரப்பியும் கொடுக்கும் கடைகள் பிரதேச செயலகத்துக்கு எதிரே இருக்கின்றன. முழங்காலுக்கு வசதியாக, படி இல்லாத ஒன்றாகப் பார்த்து நுழைந்தேன். கணினிக்கு முன்னால் அறுபது, அறுபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். வகுப்பில் எழுந்து நிற்பதைப் போல, கை இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"வாங்க டீச்சர். என்னைத் தெரியிதுங்களா?"

தெரிந்தது. நெற்றி அவள் தாயுடையது. கயிற்றுத் தடம் மட்டும் இல்லை. எனக்கு அந்தக் கடையை விட்டு வெளியே போகத்தான் தோன்றியது. ஆனால் முழங்கால் இருக்கிற நிலைமையில் எங்கிருந்தும் சட்டென்று வெளியேற முடிவதில்லை. உட்கார்ந்தேன். அவள் அச்செடுத்துத் தந்தாள். நிரப்ப உதவட்டுமா என்று கேட்டாள். ஆங்கிலம் எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்து, சரி என்றேன். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு முதல் வரியிலேயே நிறுத்தினாள்.

"பேரு பர்த் சர்ட்டிபிக்கட்ல இருக்க மாதிரியே சொல்லுங்க டீச்சர். ஓரெழுத்து மாறக்கூடாது. இங்க வர்றவங்க எல்லார்க்கும் நான் மொதல்ல அதத்தான் சொல்றது."

எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "எனக்கு நீங்க ஒரு பேரு வச்சீங்களே, ஞாபகம் இருக்குங்களா?"

"நிறைமதி."

"ம். நல்ல பேருதாங்க டீச்சர். என்னோடது இல்ல, அவ்வளவுதான்."

அவள் குரலில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்; குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்லும் திறமை எனக்கு உண்டு. நான் மன்னிப்புக் கேட்டேன். சரியான சொற்களில் அல்ல. வாக்கியம் முடியவும் இல்லை. அவள், "விடுங்க டீச்சர், அந்தத் தொழிலு போச்சு, இந்தத் தொழிலு வந்துச்சு. பேரு பிழையாகி வர்றவங்கள நான் ஒருத்தரையும் திருப்பி அனுப்புறதில்ல" என்றாள். பிறகு, உன் புதிய பெயர் எழுத வேண்டிய இடத்துக்கு வந்து, "ரோயா? யாரு வச்சது?" என்று கேட்டாள்.

"யாரோ கூப்பிட்டது. இப்போது அவனே தேர்ந்துகொண்டான்" என்றேன்.

"அப்ப அது அவரோடதுதான்" என்று எழுதினாள்.

வீட்டில் ஆறு நாட்களாக நான் யோசித்துக்கொண்டிருந்ததை அவள் ஆறு விநாடிகளில் முடித்துவிட்டாள். ஒரு பெயரை, அதைச் சுமப்பவனைக் கேட்காமல் வைப்பதற்கு உலகம் தாய்தகப்பனுக்கு அனுமதி தந்திருக்கிறது. அதை அவன் கீழே இறக்கி வைக்கும்போது தடுக்கும் அனுமதியை யாரும் தரவில்லை. நீ தூக்கினாய், கதிர். நாற்பது ஆண்டுகள் தூக்கினாய். உன் தாத்தாவின் கேள்விக்கு இதுவே போதுமான பதில். இறக்கி வைப்பதில் எனக்குக் கோபமில்லை. வருத்தம் இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் என் எழுத்து உனக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அங்கே யாராவது உன் பழைய பெயரைப் பற்றிக் கேட்டால், வாயில் நுழையாத ஏதோ ஒன்று என்று சொல்லிவிடாதே. ஒரு மனிதர் தம் கையால் எழுதிய ஒரே சொல் அது என்று சொல். அதை உச்சரிக்க அவர்களுக்கு நா புரள வேண்டியதில்லை. பேனையும் இரண்டு கோடுகளும் போதும்.

படிவத்தின் கடைசிப் பகுதிக்கு வந்தோம். இந்த இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்பதை நான் உறுதிப்படுத்துகிறேனா என்று கேட்டு, ஆம் என்பதற்கு ஒன்றும் இல்லை என்பதற்கு ஒன்றுமாக இரண்டு சிறிய கட்டங்கள் இருந்தன. பிச்சையம்மா பேனையை என் கையில் தந்தாள். நான் பழக்கத்தில், பரீட்சைத் தாளில் போடுவதைப் போல, சரி அடையாளம் போடப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"சரி போட்டுறாதீங்க டீச்சர், எடுக்க மாட்டாங்க. கீழ எழுதியிருக்கு பாருங்க. கதிர போடணும்."

தோட்டத்து மக்கள் அந்தச் சொல்லை இப்போது அப்படித்தான் வழங்குகிறார்கள். அதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதன் பிரிப்பும் தெரியும், பொருளும் தெரியும். வாய் வரைக்கும் வந்தது.

நான் திருத்தவில்லை. 'ஆம்' என்ற கட்டத்துக்குள், கோடு வெளியே போகாமல், நன்றாக அழுத்தி, உன் பெயரைப் போட்டேன்.

அம்மா